கையில் எறும்பு நடந்த மழைக்காலம்

முட்டுவலி, தோள்வலி என்று பேச்சைத் தொடங்கினால் நம் வயதுக்காரர்களை யாராலும் நிறுத்த முடியாது. பூசை முடிந்து மாதா கோயில் முற்றத்தில் நாம் கூடி நின்றால் இளசுகள் மெல்ல நழுவிவிடுகிறார்கள், கவனித்திருப்பீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை நம்மில் ஒருத்தி விரல் மரத்துப் போகிறது என்று புலம்பினாள். நான் அவள் கையைப் பிடித்து, முழங்கையின் உள்பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டினேன். அவள் துள்ளியதையும் என்னைத் திட்டியதையும் பார்த்து எல்லோரும் சிரித்தீர்கள். இந்த வைத்தியத்தை எங்கே படித்தாய் என்று கேட்டீர்கள். படித்ததில்லை. எனக்கு எட்டோ ஒன்பதோ வயதிருக்கும்போது என் வலது கை ஒரு மழைக்காலம் முழுக்க வேலைசெய்யாமல் தொங்கிக் கிடந்தது. இன்றைக்கு இந்தக் கையால்தான் இதை எழுதுகிறேன். ஆகையால் பயப்படாமல் படியுங்கள்.

மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில் எங்கள் கரை. மகாராஜா காலம். கம்பெனிக்காரர்கள் கறுப்பு மணலை வாரி மூட்டை மூட்டையாகக் கொண்டு போவார்கள். காஸ் விளக்கு பளிச்சென்று எரிவதற்கான ஏதோ சத்து அந்த மணலில் இருக்கிறது என்று பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், உச்சிவெயிலில் அதில் கால் வைத்தால் கடல் வரைக்கும் குதித்துக்கொண்டே ஓட வேண்டும் என்பதுதான்.

அப்பா கட்டுமரக்காரர். அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து அம்மை பேசுவாள், அவருக்கும் சேர்த்துக் கவலையும் படுவாள். அக்காவுக்கு அடுத்த கரையில் மாப்பிள்ளை உறுதியாகியிருந்தது. மழை ஓய்ந்து ஆவணியில் கல்யாணம் என்று பேச்சு. இது போக வீட்டில் மாமி இருந்தாள். அப்பாவின் அக்கா, புருஷனைக் கடலில் இழந்தவள். மீன் கடவத்தை, அந்தப் பெரிய ஓலைப்பெட்டியை, தலையில் ஏற்றிக்கொண்டு தக்கலை வரைக்கும் நடந்தே போய் விற்றுவிட்டு வருவாள். தெருமுனையில் நின்று அவள் "மீனேய்" என்று கூவினால் அடுத்த தெருப் பூனை எழுந்து சோம்பல் முறிக்கும்.

பங்குனி மாதம். எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு கொல்லாந்தோப்பு. முந்திரி மரத்தைக் கொல்லாமரம் என்று சொன்னால்தானே நமக்கு வாயில் சாறு ஊறும்! பழுத்த கொல்லாம்பழத்தின் வாசனை தோப்பு முழுக்கக் கள் மாதிரி புளித்துக் கிடக்கும். உச்சிக் கிளையில் ஒரு பழம், செக்கச்செவேலென்று. அதை எட்டிப் பிடித்துவிட்டேன். பிடித்த பிறகுதான் கிளை முறிந்தது. பழத்தோடுதான் கீழே விழுந்தேன்.

தோள்பட்டைக்கும் முழங்கைக்கும் நடுவே எலும்பு ஒடிந்திருந்தது. என் சத்தம் கேட்டு ஓடிவந்து தூக்கியவள் மாமி. தோப்பிலிருந்து வீடு வரைக்கும், பழம் பறிக்கப் போனதற்கு என்னையும், கிளை முறிந்ததற்கு மரத்தையும், அந்த மரத்தை நட்டவனையும் வைதுகொண்டே வந்தாள்.

எலும்பு கட்டுகிற ஆசானை அழைத்து வந்தார்கள். உளுந்துமாவையும் முட்டை வெள்ளையையும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தைகளை வைத்துச் சுற்றிக் கட்டினார். பிறகு வருகிற ஒவ்வொரு தடவையும் கட்டைப் பிரித்துப் பார்த்து, எண்ணெய் விட்டு, மறுபடி கட்டுவார். கடைசியில் கட்டை முழுதாக அவிழ்த்தபோது எலும்பு நேராகக் கூடியிருந்தது. ஆனால் மணிக்கட்டுக்குக் கீழே கை தொங்கியது. வாடிய வாழையிலை மாதிரி. "நிமித்து மக்கா" என்றார் ஆசான். நிமிர்த்துகிறேன், நிமிர்த்துகிறேன் என்று என் மனது சொல்கிறது, கை கேட்கவில்லை. முஷ்டி மடக்க முடிந்தது. மடக்கியதை விரிக்க முடியவில்லை.

அம்மை ஆசானைப் பிடித்துக்கொண்டாள். "இறுக்கிக் கட்டி எனக்க பிள்ளைக்க நரம்பக் கொன்னுபோட்டீரே!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். ஆசான் எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்பா பின்னாலேயே கொஞ்ச தூரம் போனார். என்ன சொன்னாரோ தெரியாது.

பள்ளிக்கூடம் திறந்தது. இடது கையால் கோழி கிளறியதுபோல எழுதிக்கொண்டு போனேன். ஒருநாள் சிலேட்டை நீட்டும்போது வாத்தியார் என் வலது கையைப் பார்த்தார். பெருவிரலுக்கு மேலே, புறங்கையில், பெரிய கொப்புளம்.

"இது எப்படி?"

எனக்கே தெரியவில்லை. முந்தின நாள் கஞ்சிப்பானையில் பட்டிருக்க வேண்டும். பட்டது தெரியவில்லை, சுட்டதும் தெரியவில்லை. வாத்தியார் பிரம்பு நுனியால் கொப்புளத்தின் ஓரத்தைத் தொட்டார். "வலிக்குதா?" இல்லை என்றேன், பெருமையாக. அழாத பிள்ளை என்று பாராட்டுவார் என்று நினைத்தேன். அவர் முகம் வெளுத்துப் போனது.

அன்று மாலை வீட்டுக்கு வந்து, முற்றத்தில் தள்ளி நின்றே அப்பாவிடம் தணிந்த குரலில் பேசினார். பிள்ளையைக் கொஞ்ச காலம் வீட்டிலேயே வையுங்கள் என்றார். குஷ்டம், பெருநோய் என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே அது வீட்டுக்குள் வந்துவிட்டது. அந்த மனிதரை வெகுநாள் வெறுத்தேன். அவருடைய கூடப்பிறந்த அண்ணன் அதே நோயில்தான் போனான் என்று கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகுதான் கேள்விப்பட்டேன். பாவம், தொங்கின கையையும் சுட்டது தெரியாத தோலையும் அவர் வேறு எந்தக் கண்ணால் பார்த்திருக்க முடியும்?

செய்தி அடுத்த கரைக்குப் போக ஒரு பகல் போதுமாக இருந்தது. மாப்பிள்ளையின் அம்மையிடமிருந்து ஆள் வந்தது. கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளலாம் என்று. எவ்வளவு தள்ளி என்று வந்தவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அக்கா அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவிக்கொண்டே இருந்தாள். சிரட்டை தேய்கிற சத்தம் கேட்ட பிறகும் நிறுத்தவில்லை.

அப்போதுதான் மாமி கடவத்தைக் கீழே இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: "தக்கலைக்குப் போற வழியில ஆஸ்பத்திரியில ஒரு டாக்டரம்மை உண்டு. நான் மீன் குடுக்குத வீடு. செவுளப் பிரிச்சு, கண்ணப் பாத்து, மோந்து பாத்து, பிறகும் நம்பாம வயித்த அமுக்கிப் பாத்துத்தான் வாங்குவா. அப்படியொரு சந்தேகக்காரி. மீனையே அப்பிடிப் பாக்குதவ, பிள்ளைய எப்பிடிப் பாப்பா!"

மறுநாள் விடியும்போதே கிளம்பினோம். மாமி தலையில் கடவம், இடுப்பில் பாதி வழி நான், பின்னால் செபமாலையை உருட்டிக்கொண்டு அம்மை. வழியெல்லாம் மாமி சாளைமீன் விற்றாள்.

டாக்டரம்மை வடக்கேயிருந்து வந்தவள். பாதி மலையாளம், பாதி தமிழ். குட்டையான உருவம், மூக்குக் கண்ணாடி, சேலையைக் கொசுவி ஊசி குத்தியிருந்தாள். என்னைப் பெஞ்சியில் உட்காரவைத்தாள். "குட்டி, பேடிக்க வேண்டா" என்றாள். பயப்பட வேண்டாம் என்று அர்த்தமாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் யாரும் என்னைக் குட்டி என்று கூப்பிட்டதில்லை, ஆட்டுக்குட்டிக்குத்தான் அந்தப் பெயர்.

என் கண்ணைத் துணியால் கட்டினாள். ஒரு கோழியிறகால் தொடுவாள், தொட்டால் சொல்ல வேண்டும். பிறகு குண்டூசி. கூர்மையா, மொட்டையா என்று சொல்ல வேண்டும். எனக்கு நல்ல விளையாட்டாக இருந்தது. உள்ளங்கையில் தொட்டாள், சொன்னேன். சுண்டுவிரலில் தொட்டாள், சொன்னேன். அப்புறம் வெகுநேரம் ஒன்றுமே இல்லை. திடீரென்று மாமி பின்னால் நின்று இருமினாள்.

"தொட்டீங்க!" என்றேன்.

"எங்கே தொட்டேன்?"

மாமி மறுபடி இருமினாள், இந்தத் தடவை இரண்டு இருமல். என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியவில்லை.

"மீன்காரி, வெளியே போ" என்றாள் டாக்டரம்மை.

"பிள்ளைக்கு ஒரு ஒத்தாசதானே..."

"ஒத்தாசை செய்தா நோய் எனக்குத் தெரியாமப் போகும். போ."

மாமியை ஒருவர் அறையை விட்டு வெளியே அனுப்பியதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். கட்டின கண்ணோடு கேட்க மட்டும்தான் முடிந்தது, அதுதான் குறை.

பிறகு என் சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகு, வயிறு, காது மடல், புருவம் என்று உடம்பு முழுக்கப் பார்த்தாள். இரண்டு முழங்கைகளிலும் விரலை வைத்து உருட்டிப் பார்த்தாள். வெளியே போன மாமியை மறுபடி கூப்பிட்டாள்.

"கை எப்போ முதல் தொங்கிச்சு? நல்லா ஓர்மிச்சுச் சொல்லணும்."

அம்மை முந்திக்கொண்டாள். "கட்டு அவுத்தப்பம்தான். அந்த ஆசான்..."

"நில்லு" என்றாள் மாமி. நெற்றியைச் சுருக்கினாள். "தோப்புல இருந்து தூக்கிட்டு வந்தது நான்லா. அப்பமே கை செத்த கணவாய் மாதிரித் தொங்கிச்சு. எனக்க சேலையப் பிடிச்சுக்கிட்டா. வீட்டுல இறக்கிவிட்டப்பம் பிடிச்ச விரல விரிக்க முடியல்ல பிள்ளைக்கு. நான்தான் ஒவ்வொண்ணா எடுத்துவிட்டேன். வலியில பிடிச்சிருக்கான்னு நெனச்சேன்."

"கட்டுப் போடுறதுக்கு முந்தி?"

"முந்தி. ஆசான் அப்பம் வரவே இல்ல."

டாக்டரம்மை என் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். கொப்புளம் ஆறாத கை. அம்மை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வாத்தியார் வந்துபோனதிலிருந்து வெளியாள் யாரும் அந்தக் கையைத் தொட்டிருக்கவில்லை.

"இது அந்தச் சீக்கு இல்ல" என்றாள் டாக்டரம்மை. "அது மெல்ல மெல்ல வரும், வருஷக்கணக்கிலே. இது ஒரே நிமிஷத்திலே வந்தது. கை எலும்பைச் சுத்திக்கிட்டு ஒரு நரம்பு போகுது. எலும்பு ஒடிஞ்சப்போ அதும் நசுங்கிப் போச்சு. கையை நிமிர்த்துறது அந்த நரம்புக்க வேலை. புறங்கையிலே இந்தக் கொஞ்ச இடத்துக்கு உணர்ச்சி கொடுக்கிறதும் அதுக்க வேலைதான். உடம்பிலே வேறே எங்கேயும் ஒரு குறையும் இல்ல. எலும்பு கட்டினது யாரு? நல்லாவே கட்டியிருக்கு."

அம்மை பெஞ்சியில் உட்கார்ந்து அழுதாள். மாமி மட்டும் விடவில்லை.

"நரம்பு செத்துப்போச்சா, இருக்கா?"

"பார்ப்போம்."

டாக்டரம்மை என் மேல்கையின் வெளிப்பக்கத்தில், எலும்பு கூடிய இடத்திலிருந்து விரல்நுனியால் தட்டிக்கொண்டே கீழே வந்தாள். டக், டக், டக். ஓரிடத்தில் தட்டியதும் பெருவிரல் வரைக்கும் சுரீரென்று ஓடியது.

"எறும்பு!" என்று கத்தினேன்.

"உறும்பா!" டாக்டரம்மை முகம் முழுக்கச் சிரித்தாள். "அதுதான் வேணும். நரம்பு புதுசா வளருது. வளருற நுனியிலே தட்டினா உறும்பு ஓடும். மாசத்துக்கு ஒரு பெருவிரல் அகலம் நடக்கும். வேகமா நடக்கச் சொன்னா கேக்காது. நாம காத்திருக்கணும்." அந்த இடத்தில் ஊதாப் பென்சிலை நாக்கில் தொட்டு ஒரு கோடு போட்டாள்; அழிந்தால் மேலே இழுக்க அம்மையிடமும் ஒரு துண்டுப் பென்சில் தந்தாள்.

காத்திருக்கிற காலத்தில் செய்வதற்கு இரண்டு வேலை சொன்னாள். ஒன்று, தொங்குகிற கையைத் தொங்கவிடாமல் நிமிர்த்தியே வைக்க ஒரு பலகை. இரண்டாவது, எந்த மூட்டும் இறுகிப்போகாமல் தினமும் யாராவது கையையும் விரல்களையும் நிமிர்த்தி மடக்கி விட வேண்டும். சூட்டுப் பக்கம் அந்தக் கையைக் கொண்டுபோகவே கூடாது.

பலகை வேலையை அப்பா எடுத்துக்கொண்டார். ஆனி பிறந்து கடல் பொங்கிவிட்டது, கட்டுமரங்கள் கரையேறிக் கிடந்தன. முள்முருங்கைக் கட்டையைச் செதுக்கி, என் முழங்கைக்குக் கீழே கச்சிதமாகப் பொருந்தும்படி ஒரு தொட்டில் செய்தார். மணிக்கட்டில் மேல்நோக்கி வளைவு. ஒவ்வொரு செதுக்கலுக்கும் என் கையை வைத்துப் பார்ப்பார், எடுப்பார், செதுக்குவார். அதற்கு முன்னும் பின்னும் அப்பா என் கையை அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்ததாக ஞாபகம் இல்லை. டாக்டரம்மை அதைப் பார்த்து, "கொள்ளாம், கொள்ளாம்" என்று பாராட்டிவிட்டு, பழைய சைக்கிள் டியூபைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, விரல்களைத் தூக்கிப் பிடிப்பதற்கு அதில் கட்டித் தந்தாள். விரலை மடக்கலாம், விட்டால் ரப்பர் இழுத்து நிமிர்த்திவிடும்.

இடது கையால் அந்த ரப்பரைச் சுண்டினால் டொய்ங் டொய்ங் என்று சத்தம் வரும். ஒவ்வொரு விரலுக்கும் ஒவ்வொரு சுருதி. நான் அதற்கு வீணை என்று பெயர் வைத்தேன். சாயங்கால செபத்தில் அம்மை "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கும்போது நான் டொய்ங் என்பேன். முதுகில் ஒன்று விழும். அந்தப் பலகை பிறகு எங்கே போயிற்றோ. எந்த மழையில் அடுப்பெரிக்கப் போட்டார்களோ.

மடக்கி நிமிர்த்துகிற வேலை அக்காவுக்கு. அக்காவின் கல்யாணம்தான் என் கையினால் நின்றிருந்தது. ஒருநாள்கூட அவள் அதைச் சொல்லிக்காட்டவில்லை. காலையில் என் கையைத் தன் மடியில் வைத்துக்கொள்வாள். அம்மை பக்கத்தில் உட்கார்ந்து செபமாலை சொல்லுவாள். ஒரு செபமணிக்கு ஒரு மடக்கு, அடுத்த மணிக்கு ஒரு நிமிர்த்தல். என் மணிக்கட்டு அந்த மழைக்காலத்தில் கேட்ட செபத்தை எந்த மடத்துச் சிஸ்டரும் கேட்டிருக்கமாட்டாள்.

ஆசான் வீட்டுக்கு அம்மை தானே போனாள். போகும்போது நல்ல வாளைமீன் கருவாடு எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது ஒரு குப்பி எண்ணெய் கொண்டு வந்தாள். தோளுக்குத் தேய்க்கச் சொன்னாராம். இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்டதற்கு, "எண்ணெயப் பத்தித்தான்" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை விட்டிருந்தது. பிள்ளைகளுக்கு அம்மைநோய்த் தடுப்பு ஊசி குத்துவதற்காக டாக்டரம்மை வில்வண்டியில் எங்கள் கரைக்கு வந்தாள். இரண்டு கரைப் பிள்ளைகளும் கோயில் முற்றத்தில் கூடியிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மையும் தன் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். உயரமான, கண்டிப்பான பெண்பிள்ளை. காதில் பாம்படம் ஆடும், முகம் ஆடாது. மாமி இந்த வாய்ப்பை விடுவாளா?

"டாக்டரம்மோ, எங்க பிள்ளைக்கு எறும்பு எங்கன வந்திருக்குன்னு இப்பமே பாத்துச் சொல்லணும். எல்லாரும் கேக்கட்டும்" என்று என்னை நடுவில் நிறுத்தினாள்.

டாக்டரம்மைக்குப் புரிந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, ஊதாக் கோட்டிலிருந்து தட்டிக்கொண்டு வந்தாள். கோட்டைத் தாண்டிப் போன பிறகுதான் எறும்பு ஓடியது. "நடந்திருக்கு!" என்று மாமி கை தட்டினாள்.

"எறும்பாவது, கிறும்பாவது" என்றாள் மாப்பிள்ளையின் அம்மை. "தொட்டா எறும்பு ஓடுதது சீக்கு இல்லாம பிறகு என்ன?"

டாக்டரம்மை அவளருகே போனாள். "கையைத் தா" என்றாள். கேட்ட தோரணையில் அவளும் தந்துவிட்டாள். முழங்கையின் உள்பக்கக் குழியில் டாக்டரம்மை விரலால் ஒரே ஒரு தட்டு.

"அய்யோ மாதாவே!" அந்தப் பெரிய மனுஷி ஒரு முழம் துள்ளினாள். பேரன் பயந்து வீறிட்டான். "சுண்டுவிரல் வரைக்கும் எறும்பு!"

"உனக்கும் சீக்கா?" என்று மாமி ஒன்றும் தெரியாதவள்போலக் கேட்டாள்.

முற்றமே வெடித்துச் சிரித்தது. "எல்லாருக்கும் அங்கே தொலிக்கு அடியிலே ஒரு நரம்பு போகுது" என்று டாக்டரம்மை உரக்கச் சொன்னாள். "உங்க நரம்பும் இந்தக் குட்டிக்க நரம்பும் ஒண்ணுபோலத்தான். இவளுக்க நரம்பு அடிபட்டது, அவ்வளவுதான். இவ கையிலே இருந்து யாருக்கும் ஒண்ணும் பகராது, ஒட்டாது. பள்ளிக்கூடத்துக்கு விடலாம், ஒண்ணா உண்ணலாம்." சொல்லிவிட்டு என் தொங்கின கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். எல்லோருக்கும் தெரியும்படி.

வாத்தியார் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். மறுநாள் அவரே வந்து என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். வழியில், தன் முழங்கையை அவரே தட்டிப் பார்த்துக்கொள்வதைக் கண்டேன்.

அவர் மட்டுமா! அதற்கப்புறம் எங்கள் கரையில் ஒருத்தர் முழங்கையும் தப்பவில்லை. வலை பின்னுகிறவர் கையைத் தட்டிவிட்டு ஓடுவோம். பின்னாலிருந்து வசவு வரும், எங்களுக்கு அதுவும் இனிக்கும். கடற்கரையில் என்னைப் பார்க்கிறவர்கள் சாப்பிட்டாயா என்று கேட்பதை விட்டுவிட்டு, "எறும்பு எங்கன வந்தாச்சு மக்கா?" என்றுதான் கேட்டார்கள்.

ஆனால் மாப்பிள்ளையின் அம்மை வண்டியேறும் முன் முழங்கையைத் தடவிக்கொண்டே சொன்ன வார்த்தை அக்காவின் காதில் விழுந்திருந்தது. "டாக்டர் சொல்லுதது சரியா இருக்கட்டும். கை நிமிரட்டும், பிறகு நாள் குறிப்போம்."

ஆடியில் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனோம். விடாத மழை. டாக்டரம்மை தட்டினாள். போன தடவை போட்ட கோட்டிலேயே எறும்பு ஓடியது. இன்னொரு தடவை தட்டினாள். அங்கேயேதான். அவள் சிரிக்கவில்லை.

"அடுத்த தடவையும் இங்கேயே நின்னா திருவனந்தபுரம் போகணும். கீறித் திறந்து பார்க்கணும். நரம்பு எலும்பிலே சிக்கியிருந்தா விடுவிக்கணும்."

மாமி அன்றைக்குத் திரும்பும் வழியில் மீன் கூவவே இல்லை. கடவத்தில் மிச்சமிருந்த கருவாட்டை அப்படியே வீட்டுக்குக் கொண்டு வந்தாள். எனக்குப் பயமாக இருந்தது கீறுவதை நினைத்து அல்ல. கூவாமல் நடந்த மாமியைப் பார்த்துத்தான்.

மழை ஓய்ந்து ஆடி முடியும் தறுவாயில் வெயில் அடித்தது. தண்ணீரில் கைக்குப் பாரம் குறையும், அங்கே நிமிர்த்திப் பழகட்டும் என்று டாக்டரம்மை சொல்லியிருந்தாள். ஆறு கடலில் சேருகிற பொழிமுகத்துக்கு அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே மேலாக இனிப்பும் அடியில் உப்புமாக ஒரு விசித்திரத் தண்ணீர். இடுப்பளவில் நின்றோம். பலகையை அவிழ்த்து, என் முழங்கைக்குக் கீழே அவள் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நிமித்து."

நிமிர்த்தினேன். வழக்கம்போல என் மனது மட்டும் நிமிர்த்தியது. அப்புறம், தண்ணீருக்குள், என் புறங்கை மெல்ல மேலே வந்தது. அக்கா குனிந்து பார்த்தாள்.

"அல தூக்குது" என்றாள்.

அலை இல்லை. அவள் என் கையைக் கரைப்பக்கம், தண்ணீர் அசையாத மூலைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "இப்பம் நிமித்து." வந்தது. விழுந்தது. "ஒருக்கா கூட." வந்தது. நான் சொல்லி அது கேட்டது! எத்தனையோ நாள் கூப்பிட்டும் திரும்பிப் பார்க்காமல் இருந்த ஒருத்தி சட்டென்று "என்ன?" என்று கேட்டதுபோல இருந்தது எனக்கு.

அக்கா என்னை அப்படியே தூக்கித் தண்ணீரில் போட்டாள். மூழ்கி எழுந்தேன். அவளும் முழுக்குப் போட்டாள், பாவாடை சேலையோடு. இரண்டு பேரும் இருமிக்கொண்டு சிரித்தோம். அவள் அழுதாளா என்று கேட்காதீர்கள். இரண்டு பேர் முகத்திலும் தண்ணீர்தான். அவள் கரையைப் பார்த்துக் கத்தினாள், "மாமீ! மாமியோ!" என்று. கத்துவதில் அவளும் அந்த வீட்டுப் பெண்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மாமி கடவத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். காக்கைகளுக்கு அன்றைக்குக் கல்யாணம்.

தண்ணீரில் நிமிர்ந்த கை, கொஞ்ச நாளில் தண்ணீருக்கு வெளியேயும் நிமிர்ந்தது. டாக்டரம்மை தட்டிப் பார்த்தபோது எறும்பு முழங்கையைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது. "திருவனந்தபுரம் வேண்டா" என்றாள். மாமி கடவத்திலிருந்த பெரிய வாளையை எடுத்து மேசைமேலே, மருந்துக் குப்பிகளுக்கு நடுவே வைத்தாள். டாக்டரம்மை அன்றைக்கு மட்டும் செவுளைப் பார்க்கவில்லை.

மாப்பிள்ளையின் அம்மை சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். ஆவணி கடைசியில் நாள் குறித்தார்கள். பூசை முடிந்து எங்கள் முற்றத்தில் பந்தல், பந்திப்பாய், வாழையிலை. சாம்பாரும் பருப்பும் மீன்கறியும் போய்க்கொண்டிருந்தன. பாயசம் பரிமாற ஆள் போதவில்லை. மாமி சுற்றுமுற்றும் பார்த்தாள். பாயச வாளியைச் சித்தப்பா மகனிடம் தூக்கக் கொடுத்துவிட்டு, அகப்பையை என் வலது கையில் திணித்தாள்.

"நீ கோரி ஊத்து மக்கா."

"எனக்குச் சரியா வராது மாமி."

"வருதமட்டும் வரட்டும்."

விரல்கள் அப்போது முழுக்க விரியாது. பெருவிரல் கடைசியில்தான் வந்தது, கிறிஸ்துமசுக்குப் பக்கத்தில். ஆனாலும் மணிக்கட்டு நின்றது. முதல் வரிசையின் நடுவில் மாப்பிள்ளையின் அம்மை. அவள் இலை முன்னால் வந்து நின்றேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்தாள். பக்கத்து இலைகளில் உண்பதும் நின்றுவிட்டது. அகப்பையைக் கோரித் தூக்கினேன். அகப்பை ஒரு பக்கம் சாய்ந்தது, பாதி அவள் இலையிலும் கொஞ்சம் பாயிலுமாக விழுந்தது. இலையில் ஓடின பாயசத்தை அவள் உள்ளங்கையால் அணை கட்டி நிறுத்தினாள். வழித்து வாயில் போட்டாள். அப்புறம் எச்சில் படாத இடது கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள். அப்படியும் இப்படியும் திருப்பினாள். விட்டாள்.

"நின்னுக்கிட்டு என்னத்தப் பாக்குத? இன்னும் ஊத்து."

ஊற்றினேன். தின்றாள். மறுபடி இலையைக் காட்டினாள். "போதும், பந்தியில மத்தவங்களுக்கும் வேணும்" என்று மாமி பின்னாலிருந்து கத்துகிற வரைக்கும் அவள் இலையிலேயே நின்று ஊற்றிக்கொண்டிருந்தேன்.

பல வருஷம் கழித்து, ஒரு கிறிஸ்துமசுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மாமியாருக்குப் பிடிக்குமே என்று பெரிய தூக்குப் பாத்திரத்தில் பாயசம் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"யாருட்டி சொன்னா ஒனக்கு?" என்றாள். "எனக்க மாமியாருக்கு இனிப்பு ஆகவே ஆகாது. சின்னதுல இருந்தே வாயில வைக்கமாட்டா."